பயம் ஏறுவதும் விஷம் ஏறுவதும்

தஞ்சாவூர் பெயரைத் தாங்கி உலகம் சுற்றிய பொருள்கள் பல. தட்டு, வீணை, ஓவியம், தலையாட்டி பொம்மை என்று இந்த அவையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னொன்றை ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். அது தஞ்சாவூர் மாத்திரை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்கள் வரை பேசப்பட்ட மாத்திரை அது. அதில் சேர்த்த முக்கியச் சரக்கு பாஷாணம், அதாவது ஆர்செனிக்.

அந்த மாத்திரையைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். சென்னை மாகாணத்தில் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்தவர். சோழமண்டலக் கரையில் கிடைத்த பாம்புகளைப் பற்றி 1796-இல் படங்களோடு பெரிய நூல் போட்டார். நம் வயலில் கிடக்கும் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான். நாயையும் கோழியையும் பாம்பிடம் கடிக்க விட்டுப் பார்த்த அவருக்கு, மாத்திரையின் புகழுக்கு ஏற்ற பலன் எதுவும் தென்படவில்லை.

பிறகு எப்படி அது அவ்வளவு பேர் வாங்கியது? இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷமுள்ள பாம்பும் எல்லா முறையும் விஷத்தை இறக்குவதில்லை. பல் மட்டும் பட்டு விஷம் இறங்காத பொய்க்கடிகள் நிறைய. அப்படிக் கடிபட்டவர்களுக்கும் வியர்த்தது, நாக்கு வறண்டது, நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. மாத்திரையை விழுங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. அடங்கியது பயம், பேர் வாங்கியது மாத்திரை.

திடீர் அதிர்ச்சியில் உடலின் நரம்புகளும் ஹார்மோன்களும் என்ன செய்கின்றன என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்க்க ஆளைக் கூப்பிட்டு, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் மேடையேற்றிப் பேசவும், மனக்கணக்குப் போடவும் சொல்வார்கள். 1993-இல் ஜெர்மனியின் டிரியர் நகரில் வகுத்த முறை அது. காவிரி டெல்டாவில் அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஒரு வரப்பு போதும்.

நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். குறுவையானாலும் சம்பாவானாலும் தாளடியானாலும் வரப்பு வளைகள் காலியாக இருப்பதில்லை. ராத்திரி மடை திறக்கப் போகிறவர், மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போட ஓடுகிறவர், வைக்கோல் போரிலிருந்து மாட்டுக்குப் பிடுங்குகிறவர் எல்லாரும் இந்த வளைகளுக்குப் பக்கத்தில்தான் கை கால் வைக்கிறார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகும், மழையில் சாய்ந்த பயிரையும் வயலின் மூலை முடுக்கையும் ஆள்தான் அறுத்தாக வேண்டும்.

தை மாதம், சம்பா அறுப்பு. ஒரு பெண் குனிந்து இடக்கையால் தாளைப் பிடிக்கிறாள். தாளுக்கு அடியில் சங்கிலிக் கோலம் போட்ட முதுகு ஒன்று அசைகிறது. “பாம்பு” என்ற சொல் அவள் மனதில் வருவதற்கு முன்பே அவள் பின்னால் குதித்துவிட்டாள். இந்த முந்துதலுக்குக் குரங்கின் மூளையிலேயே அடையாளம் இருக்கிறது. பாம்பையே பார்த்திராத குரங்குகளுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் பாம்புப் படம் காட்டினார்கள். மூளையின் ஆழத்தில் புல்வினார் என்ற பகுதியின் நரம்பணுக்கள் வேறு படங்களைவிடப் பாம்புப் படத்துக்கு விரைவாகவும் வலுவாகவும் துடித்தன. 2013-இல் வெளியான ஆய்வு அது. பாம்புக்குத் தப்பிய முன்னோர்களின் கண்கள்தான் நமக்கு வந்திருக்கின்றன என்று லின் இஸ்பெல் என்ற மானிடவியலாளர் அதற்கு முன்பே வாதிட்டிருந்தார்.

செய்தி அமிக்டலாவுக்குப் போகிறது, அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்கும் மூளைத் தண்டுக்கும். அதன் பிறகு இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று நரம்பு வழி, மற்றது இரத்த வழி. வேகத்தில் இரண்டுக்கும் ஒப்பே கிடையாது.

நரம்பு வழியில் கட்டளை தண்டுவடத்தில் இறங்கிப் பரிவு நரம்புகள் மூலம் உடலெங்கும் பரவுகிறது. அதில் ஒரு கிளை, இரு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லாய் போட்டது போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் நடுப்பகுதிக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. சில நொடிகளுக்குள் அட்ரினலின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது. தோலின் குழாய்கள் சுருங்கி முகம் வெளுக்கிறது. மூச்சுக்குழல் விரிகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. எச்சில் வற்றுகிறது, குடல் அசைவு நிற்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது.

குடல் நிற்பதிலிருந்துதான் இந்த அறிவியலே தொடங்கியது என்று சொல்லலாம். 1890களின் இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயைக் கொண்டு பூனையின் இரைப்பை எப்படி அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் அசைவு சட்டென்று நின்றது. மற்றவர்கள் இதை இடைஞ்சல் என்று ஒதுக்கியிருப்பார்கள். கேனன் அதைப் பிடித்துக்கொண்டார். பயம், வலி, சினம் மூன்றும் உடலைச் சண்டைக்கும் ஓட்டத்துக்கும் தயார் செய்கின்றன என்று 1915-இல் புத்தகம் எழுதினார். அட்ரினலின் சுரந்தால் இரத்தம் விரைவாக உறைகிறது என்றும் கண்டார். அடிபட்டால் இரத்தம் வீணாகாமல் இருக்க உடல் செய்துகொள்ளும் முன்னேற்பாடு என்பது அவர் விளக்கம். இந்தச் சின்னத் தகவல் பின்னால் தேவைப்படும்.

ஹார்மோன் வழி நிதானமானது. ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை அனுப்பி பிட்யூட்டரியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி இன்னொன்றை இரத்தத்தில் விடுகிறது. அது அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குப் போய்க் கார்ட்டிசாலைச் சுரக்க வைக்கிறது. இப்படிக் கைமாறி வருவதால் கார்ட்டிசால் உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். அட்ரினலினோ இரண்டு மூன்று நிமிடங்களில் இரத்தத்தில் பாதியாகிவிடும். அந்தப் பெண் கடிபட்டிருந்தால், வயலிலிருந்து அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றும் நேரத்தில் முதல் அலை இறங்கி, இரண்டாவது ஏறிக்கொண்டிருக்கும். இரத்தக் குழாய்கள் அட்ரினலினுக்குக் கட்டுப்பட வேண்டுமானால் கார்ட்டிசால் இருந்தாக வேண்டும்; சர்க்கரை விழாமல் தாங்குவதும், வீக்கம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. போதுமான அளவு சேர்ந்ததும் மூளைக்கே போய்ச் சுரப்பை நிறுத்தச் சொல்வதும் அதுதான்.

அருமையான ஏற்பாடு. புலியைப் பார்த்தால் உயிரைக் காக்கும். ஆனால் பாம்பு கடித்து முடித்த பிறகு இந்த ஏற்பாடு தப்பான கட்டளை கொடுக்கிறது. “ஓடு” என்கிறது. கடிபட்ட இடத்திலிருந்து விஷம் பெரும்பாலும் நிணநீர் நாளங்கள் வழியாகத்தான் மேலே போகிறது. நிணநீரைத் தள்ளுவது தசையின் அசைவு. ஓடுகிறவர் தன் காலாலேயே விஷத்தை இறைக்கிறார். கடிபட்ட கை காலை அசைக்காமல் பலகையோ குச்சியோ வைத்துத் தளர்வாகக் கட்டி, படுத்த நிலையில் கொண்டுபோகச் சொல்வது இதனால்தான். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் விஷம் நிற்காது, கால் அழுகும்.

வீட்டார் கண்ணுக்குப் பயமும் விஷமும் ஒன்றாகவே தெரியும். பயத்தில் மூச்சு வேகமாக வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதைத் தொடர்ந்து கால்சியத்தில் செயல்படும் பங்கும் குறைய, நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துடிக்கத் தொடங்குகின்றன. உதட்டோரம் மரத்துப்போகும். விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். “கை இழுத்துக்கிச்சுண்ணே, விஷம் தலைக்கு ஏறிடுச்சு” என்று பக்கத்து வயல்காரரிடம் தம்பி அலறுவது இந்த நேரத்தில்தான். பாம்பு சாரையாகவே இருந்தாலும் இத்தனையும் நடக்கும்.

அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவருக்குச் சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. நாடி 130, வியர்வை, வாந்தி. இது பயமா, விஷமா?

இரண்டு இடங்களில் பயமும் விஷமும் நேரெதிர்த் திசையில் போகின்றன. முதலாவது கண்ணிமை. மேலிமையைத் தூக்கிப் பிடிக்கும் தசைகளில் ஒன்றைப் பரிவு நரம்புதான் இயக்குகிறது. பயந்தவரின் கண் அகலத் திறப்பது அதனால். நல்ல பாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் வேலை செய்வதால், முதலில் தளர்வது பெரும்பாலும் இமைதான். மருத்துவர் விரலை நோயாளியின் முகத்துக்கு மேலே பிடித்து, தலையை அசைக்காமல் அதையே பார்க்கச் சொல்கிறார். பயந்தவரால் முடியும். விஷம் ஏறியவர் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்துவார். இமை பாதியிலேயே நிற்கும். பேரைச் சொல்லச் சொன்னால் குரல் மூக்கால் வரும்.

இரண்டாவது இரத்தம். சோப்பு போட்டுக் கழுவாத, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து மேசையில் வைத்துவிட வேண்டும். ஆட்டக் கூடாது, இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் குழாயோடு ஒட்டி நிற்கும். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் உள்ளே வேலை செய்கிறது. பயம் இரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் என்று கேனன் கண்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எத்தனை பயந்தவரின் இரத்தமும் குழாயில் தண்ணீராக ஓடாது. மின்சாரம் வேண்டாத, இயந்திரம் வேண்டாத சோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். கண்ணாடி விரியன் விஷம் உறைதலின் படிகளை அவ்வளவு துல்லியமாகத் தூண்டுவதால், உலகெங்கும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் அதை நீர்த்துப் பயன்படுத்துகிறார்கள். 1934-இல் லண்டனில் இரத்தம் உறையாத நோய்க்காரர்களின் காயத்தில் அதையே மருந்தாகவும் தடவிப் பார்த்தார்கள். உடலுக்குள் போனால் அது உறைதலுக்கு வேண்டிய சரக்கையெல்லாம் தீர்த்துவிடுகிறது என்பதுதான் கெடுதல்.

“பாம்பு கடிச்சு செத்தவனைவிட பயத்துல செத்தவன்தான் அதிகம்” என்று டீக்கடையிலும் சொல்வார்கள், படித்தவர்களும் மேடையில் சொல்வார்கள். ஆறுதலுக்குச் சொல்லலாம், உண்மை என்று சொல்லக் கூடாது. பயத்தாலேயே சாவு நேரலாம் என்று கேனனே 1942-இல் எழுதினார். சூனியம் வைக்கப்பட்டதாக நம்பி இறந்தவர்களைப் பற்றிய கட்டுரை அது; பலர் சொல்லக் கேட்டதைத் தொகுத்த அனுமானமே தவிர, அளந்து கண்டதல்ல. அரிதாக அப்படி நடக்கலாம். ஆனால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அத்தனை பேரையும் பயத்தின் கணக்கில் எழுத முடியாது.

இந்தப் பழமொழியால் உயிர் போவது பெரும்பாலும் கட்டுவிரியனால். அது ராத்திரியில் வீட்டுக்குள் வரும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குக் காவலாகச் சாக்கை விரித்துப் படுத்திருக்கும் விவசாயியையும் கடிக்கும். பல் மெல்லியது, வலியோ வீக்கமோ இருக்காது. பலர் விழிப்பதே இல்லை. பாம்பைப் பார்க்காததால் பயமும் இல்லை, அட்ரினலின் அலையும் இல்லை. விடியற்காலை வயிற்றைப் புரட்டும் வலி, வாந்தி. “ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை” என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அதற்குள் விஷம் நரம்பு நுனிகளையே சிதைக்கத் தொடங்கியிருக்கும். சிதைந்தவை மறுபடி வளரும்வரை செயற்கை சுவாசம் தேவைப்படும். போதாக்குறைக்கு, அந்த விஷம் சிலரிடம் தானியங்கி நரம்புகளைக் குலைத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அதைப் பார்த்து, “பயந்திருக்கார், வேற ஒண்ணும் இல்ல” என்று அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அறிகுறி ஒன்றுமே இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதி இதற்காகவே வந்தது.

விஷம் என்று உறுதியானதும் விஷமுறிவு மருந்து ஏறுகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது அந்த மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அது ஒன்றுதான். குதிரையின் புரதம் என்பதால் சிலர் உடல் மூர்க்கமாக எதிர்க்கும். தடிப்பு, மூச்சிரைப்பு, இரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். அதனால் மருந்தைத் தொங்கவிடும் செவிலியர் பக்கத்துத் தட்டில் இன்னொரு ஊசியை முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார். அந்த ஊசியில் இருப்பது அட்ரினலின். வரப்பில் அந்தப் பெண்ணை நடுங்க வைத்த அதே பொருள்தான், அளவோடு.

எதிர்விளைவு வந்த பிறகு அட்ரினலின் கொடுப்பதைவிட முன்பே கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று இலங்கை மருத்துவர்கள் கேட்டார்கள். பாம்புக்கடி நோயாளிகள் 1,007 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. விஷமுறிவு மருந்துக்கு முன் தோலுக்கு அடியில் சிறிதளவு அட்ரினலின் போட்டவர்களுக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்விளைவு 43 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் ஹைட்ரோகார்ட்டிசோனையும் சோதித்தார்கள்; பெயர்தான் வேறு, அது கார்ட்டிசாலேதான். அதனால் பலன் இல்லை. நிமிடங்களில் மூளும் எதிர்விளைவை, மணிக்கணக்கில் வேலை செய்யும் ஹார்மோன் எட்டிப் பிடிக்க முடியாது. அதிர்ச்சியின் இரண்டு ஹார்மோன்களுக்கும் உள்ள வேக வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறு இல்லை என்றே சொல்லலாம்.

கண்ணாடி விரியன் கதையில் இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது. பட்டாணி அளவுள்ள, அரை கிராம் எடையுள்ள பிட்யூட்டரி, அதிர்ச்சி நேரத்தில் கார்ட்டிசாலுக்கு ஆணை போடும் சுரப்பி, மண்டையோட்டின் அடியில் ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கிறது. விரியன் விஷம் நுண்குழாய்களைக் கசியவைத்து, சின்னச் சின்ன உறைகட்டிகளையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும்போது, குழிக்குள் வீங்க இடமில்லாத இந்தச் சுரப்பி நசுங்கிச் சாகக்கூடும். பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போன தாய்மார்களுக்கு வரும் ஷீஹன் நோயை ஒத்த நிலை. 1987-இல் பர்மாவிலிருந்து லான்செட் இதழில் இதை விரிவாக எழுதினார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இப்படிப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

உயிரைக் காக்க எந்த ஹார்மோன் அன்று மிகுதியாகத் தேவையோ, அதற்கு ஆணையிடும் இடத்தையே கடி அழிக்கிறது. சிலருக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும்: எவ்வளவு திரவம் ஏற்றினாலும் இரத்த அழுத்தம் ஏறாது, சர்க்கரை விழும். அட்ரினலின் ஊசிக்கும் குழாய்கள் சரியாகப் பணியாது. நரம்பு வழி உயிரோடுதான் இருக்கும். ஆனால் அட்ரினல் சுரப்பிக்குள் அட்ரினலினைத் தயாரிக்கும் நொதிக்கே பக்கத்திலிருந்து வரும் கார்ட்டிசால் தேவை. ஒரு வழி அடைபட்டால் மற்றதும் வாடும்.

மற்றவர்களுக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் தெரியும். பாம்புக்கடியில் பிழைத்து வீட்டுக்கு வந்தவர். காயம் ஆறிவிட்டது. ஆனால் களை பறிக்க இறங்கினால் அரை மணியில் தலை சுற்றுகிறது. மார்கழிக் குளிர் தாங்கவில்லை. அக்குள் முடி உதிர்கிறது. பெண்ணானால் மாதவிலக்கு நின்றுபோகிறது. “பாம்பு கடிச்சதுலேருந்து உடம்பு தேறவே இல்ல” என்று வீட்டில் சொல்வார்கள். சோம்பல் என்று சொல்பவர்களும் உண்டு. விஷத்தின் மிச்சம் உடம்பில் இருக்கிறது என்று வேர் கட்டப் போவார்கள். ஒரு சாதாரண காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், மற்றவர்களுக்குத் தானாக ஏறும் கார்ட்டிசால் இவர்களுக்கு ஏறாது, மயங்கி விழுவார்கள்.

சிலருக்குக் குறை சுரப்பியில் இருக்காது, நினைவில் இருக்கும். அதிர்ச்சி நேரத்தில் சுரந்த ஹார்மோன்கள் அந்தக் காட்சியை மூளையில் ஆழமாகப் பதித்துவிடுகின்றன. இலங்கையில் பாம்புக்கடியில் பிழைத்த 88 பேரைப் பின்னாளில் பரிசோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் இருந்தது. வயலுக்குத் திரும்பப் போகாதவரைச் சோம்பேறி என்று திட்டும்முன் யோசிக்க வேண்டிய எண் இது.

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு, பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்கத் தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது; அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி மருத்துவமனைகள் கணக்குக் கொடுக்க வேண்டும். சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் இனிக் கணக்கில் வருவார்கள். பிழைத்தவர்கள்தான் இன்னும் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். கண்ணாடி விரியன் கடியில் இரத்தம் உறையாமல் போய்ப் பிழைத்தவர், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போனவர் ஆகியோருக்கு, வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே சில மாதம் கழித்துக் காலை 8 மணிக்கு ஒரு கார்ட்டிசால் சோதனை என்று எழுதிவிடலாம், பெரிய செலவில்லை. குறைவு தெரிந்தால் மருந்து ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, தினமும். தைராய்டு ஹார்மோனும் குறைந்திருந்தால் கார்ட்டிசாலை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் அதைத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் ஆபத்து. காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தி வந்தால் ஊசியாகப் போட வேண்டும் என்று நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டாருக்கும், ஊர்க் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.